பார்த்ததா?

அச்சகத்தில் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, ஆனால் அவள் காதில் விழும் தூரத்தில். அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேஜை, அதே இரும்பு அடிக்கோல், சிவப்புப் பேனா. அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவாள். எழுத்துப்பிழையோடு அவள் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாது. எங்கே ‘போல’ என்று வந்தாலும் அதைச் சுற்றிச் சின்ன வட்டம் போடுவாள். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவாள்: பார்த்ததா?

இதற்காக அவளைக் கரித்துக்கொட்டிய எழுத்தாளர்களுக்குக் கணக்கில்லை. காதலியின் கண்ணைக் கடல் என்று எழுதியவர் ஒருவர். எந்த நேரத்துக் கடல் என்று இவள் கேட்டதற்கு மூன்று மாதம் அச்சகம் இருந்த தெருப்பக்கமே வரவில்லை. கண்ணீரை முத்தாக உருட்டிய இன்னொருவர், “இந்தம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” என்று முதலாளியிடம் கேட்டார். “வாய் கொஞ்சம் காரம் சார், கண்ணு தங்கம்” என்று சமாளித்து அனுப்பினார் முதலாளி. அவள் பார்த்த புத்தகத்தில் பிழை இருக்காது. அதற்காகவே அவளைப் பொறுத்துக்கொண்டார்.

அவள் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. எழுதுகிறவர்கள்மேல் அவளுக்கு மரியாதையும் இல்லை. ஒன்றைச் சரியாகப் பார்த்தவன் அதைச் சொன்னால் போதும், இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரமாட்டான் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளின் மேஜைக்குத்தான் அவள் தம்பியின் நாவல் வந்தது.

“உன் தம்பி எழுதினது. நீ பார்க்கிறியா, வெளிய குடுக்கட்டுமா?” என்றார் முதலாளி.

“பார்க்கறேன்” என்றாள்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம். அப்பா இறந்ததிலிருந்து. அப்பா பதினொரு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை போனபின் பதினான்கு மாதம் அவள் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். தம்பி மூன்று முறை வந்தான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தக் கட்டில் வந்தது. ‘அப்பா சாய்ந்த ஆலமரம் போலக் கிடந்தார். ஜன்னல் வழியே வந்த அந்திச் சூரியன் அவர் நெற்றியில் தங்கம் போல உருகி வழிந்தது.’

இரண்டு வட்டம். பார்த்ததா? பார்த்ததா?

அதோடு அடிக்கோலை இறக்கியிருக்கலாம். ஆனால் பேனா ஓரத்திலேயே நின்று மேலே எழுதிவிட்டது: சூரியன் எப்படி வந்தது? ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். கட்டிலின் இடப்பக்கச் சுவரில் கட்டைவிரல் அளவுக்குச் சுண்ணாம்பு போயிருந்தது. அப்பா அந்த இடத்தை அழுத்துவார். அழுத்திவிட்டுக் காத்திருப்பார். பிறகு மறுபடி அழுத்துவார்.

எழுதி முடித்தபின்தான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. பத்தொன்பது வருடமாக அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் இவனுக்கு. சாப்பிட்டு வந்து அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்செடுத்து மாற்றிவிடலாம் என்று எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். கையில் அந்தப் பக்கம்.

“என் நாற்காலி அது” என்றாள்.

எழுந்தான். பக்கத்தை விடவில்லை. “அக்கா, இதை எடுத்துக்கறேன்.”

“முடியாது.”

“என் புத்தகம்.”

“என் வீட்டுச் சுவர்.”

“எனக்கும் அவர் அப்பாதான்.”

“யாரு இல்லன்னா? மூணு தடவை வந்தே. ஒரு தடவையாவது தோள்ல இருந்த பையைக் கீழ வெச்சியா?”

அவன் முகம் சுண்டியது. “உனக்கு எழுத வராது. அதான் எழுதறவன் கையையெல்லாம் வெட்டிக்கிட்டுத் திரியற. சும்மாவா கத்தரின்னு பேர் வெச்சாங்க?”

“ஆலமரமாம் ஆலமரம். உன் தோள் உயரம்கூட இல்லடா அப்பா. பதினோராவது மாடி பட்டனை அழுத்தறதுக்கு நுனிக்கால்ல எழும்புவாரு.”

சொன்ன கையோடு அவன் கண் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பியதைப் பார்த்தாள். அதையும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“அழுத்தும்போது ஏதாவது சொல்வாரா?” குரலைத் தணித்துக் கேட்டான். கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

சொல்லியிருந்தார். ஒருநாள் இவள் விளையாட்டாக, “எந்த மாடிப்பா?” என்று கேட்டாள். குழறாமல், தெளிவாக, “கீழ” என்றார். அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தார். வேறு எதுவும் பேசவில்லை.

“ஒண்ணும் சொல்லல” என்றாள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். “ஓரத்துல எழுதறது எழுத்தாளருக்குத்தானேம்மா? எடுத்துக்கறதும் விடறதும் அவர் இஷ்டம்னு நீதான எல்லார்கிட்டயும் சொல்லுவே?”

சொல்லுவாள்தான். அவள் வாயாலேயே அவளைக் கட்டிப்போட்டாயிற்று. தம்பி காகிதக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவருக்கு இன்றுவரை அவள் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கட்டிலை ஒட்டிப் போட்டு யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கிறாள். அவள் எழுதியதோ பூச்சு இல்லாத நாலைந்து வரி. அது அப்படியே அச்சேறினால், படிக்கிறவன் எவனும் நேராக அந்த இடத்தில் போய் நின்றுவிடுவான். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவனெல்லாம் தன் விரலையும் வைத்து அழுத்திப் பார்ப்பான்.

பத்து நாளில் திருத்திய பிரதி வந்தது. முதல் நூறு பக்கத்தில் அவள் வட்டம் போட்ட அத்தனை ‘போல’வையும் தம்பி அடித்துவிட்டிருந்தான். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ரோஷமா பயமா தெரியவில்லை, அவள் கேள்விக்கு இப்போது அவ்வளவு பலம் இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தாள். பக்கத்தைப் புதிதாகவே எழுதியிருந்தான்.

‘அப்பாவின் விரல் சுவரில் குடைந்த பள்ளம், கூட்டை விட்டு எழும்பத் துடிக்கும் பறவையின் நெஞ்சு போல இருந்தது. ஒவ்வொரு அழுத்தலும் வானத்தின் கதவைத் தட்டும் யாத்ரீகனின் கை போல ஒலித்தது. அவர் உயரே போய்க்கொண்டே இருந்தார், ஒரு பட்டம் போல.’

உயரே. அவள் சிரித்துவிட்டாள். எதிர் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா சிரித்து அவள் பார்த்ததில்லை.

பேனா மூடியைக் கழற்றி முதல் ‘போல’வின் மேல் கொண்டுபோனாள். மூன்று வட்டம் போட்டால் மூன்றும் போய்விடும். பறவை போகும், யாத்ரீகன் போவான், பட்டம் போகும். சுவர் மட்டும் மிஞ்சும்.

பேனாவை மூடினாள். அடிக்கோலை இறக்கினாள். இன்னொரு வரி. இன்னொரு வரி. பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு எதிர் மேஜைக்குத் தள்ளினாள்.

“என்னக்கா, இதுல மூணு ‘போல’ இருக்கே. ஒண்ணுக்கும் வட்டம் போடல?”

“இருக்கட்டும்.”

“பறவையோட நெஞ்சாம். பார்த்ததான்னு கேக்கலையா?”

“பார்க்கல. அதான் விட்டுட்டேன்.”

அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே நிலா, வெள்ளித்தட்டு போல வந்து நின்றது. போன தடவை அவள் இந்தப் பக்கம்வரை வந்திருக்கவில்லை. பேனாவை மறுபடி திறந்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி வட்டம் போட்டாள்.

பார்த்ததா?