கத்தரிக்கோல்

இன்று பதுளைக் கடைவீதியில் கஞ்சி மணக்கும் புது வெள்ளைத்துணியை யாரோ பரக்கென்று கிழிக்க, நான் நடப்பதை நிறுத்தினேன். இதே வீதியில், இப்போது பஸ் நிற்கும் இடத்தில்தான் வாப்பாவின் புடவைக்கடை இருந்தது. உடுத்துகிற துணியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார், இறந்தவர்களுக்கு எடுக்கும் துணியைக் கையால் கிழிப்பார். விஷக்காய்ச்சல் பரவிய ஒரு மழைக்காலத்தில், தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஈரக் கம்பளியோடு சனங்கள் வர வர, உள்ளே உம்மா இருமுவதையும் மீறி நாளெல்லாம் அந்தக் கிழிக்கும் சத்தமே கேட்டது. பிள்ளையின் சட்டைக்குப் பூச்சீத்தைத் துணி கேட்ட ஒருத்திக்கும் வாப்பாவின் கை பழக்கத்தில் கிழிக்கப் போனது.

"ஐயோ மொதலாளி, கிழிக்காதீங்க! எம்புள்ள உசுரோட இருக்குங்க!"

வாப்பா கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார், துருவேறியிருந்தது.

அந்த வாரமே உம்மா மவுத்தானார். வாப்பா வெள்ளைத்துணியை விரித்தார். கிழிக்கவில்லை. அந்தத் துருவேறிய கத்தரிக்கோலால், மெதுவாக, வெட்டினார்.