பழனி வெயிலில் நின்ற வேன்

2025 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் பஜாரில் கடையைத் திறந்த ஜஹனாரா, கம்பளி விரிப்புகள் அடுக்கியிருந்த பலகைக்குக் கீழே ரவை சிந்தியதுபோல் எதையோ பார்த்தார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். சிவப்பு விரிப்புக்குக் கீழே கிடந்தது சிவப்பு. நீலத்துக்குக் கீழே நீலம்.

கம்பளியை அரிக்கும் பூச்சி எந்த நிறத்தைத் தின்கிறதோ அந்த நிறத்தில்தான் எச்சமிடும். கடை ஷட்டரை அவர் உடனே கீழே இறக்கி, "இன்று விடுமுறை" அட்டையைத் தொங்கவிட்டார். சீசன் தொடங்குகிற வாரம் அது. அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் மூடியிருக்கவில்லை.

ஜஹனாராவுக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது பழனி, கல்யாணமாகி மலையேறினார். கணவர் முகம்மது இஸ்மாயில் ஸ்வெட்டரும் சால்வையும் விற்றார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு மாரடைப்பில் அவர் போனபோது, அதே ஸ்வெட்டரை ஏரிக்கரை நடைபாதை வியாபாரிகள் பாதி விலைக்கு விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஜஹனாரா சரக்கை மாற்றினார். முதலில் பவானி ஜமக்காளம். பிறகு வடக்கேயிருந்து வரும் கம்பளி விரிப்புகள்: மேலே மயிர்போல இழை நீட்டாமல், தட்டையாகக் கையால் நெய்தவை; முக்கோணம், சாய்சதுரம், படிக்கட்டுக் கோடு என்று உருவங்கள் ஓடும்.

அவர் கடையில் வாங்குவது சுலபமல்ல. "என்ன பட்ஜெட்?" என்று அவர் கேட்பதில்லை. வீட்டில் நாய் உண்டா, செருப்போடு நடப்பீர்களா, வெயில் எந்த ஜன்னல் வழியாக விழும் என்று கேட்பார். விரிப்பைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டுவார். கைத்தறி என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பு முக்கோணத்தின் மேல் அழுத்தித் தேய்ப்பார். துணி சிவந்தால் அந்த விரிப்பை அவரே உள்ளே எடுத்துப் போய்விடுவார். அளவில் குழப்பம் என்றால், "வீட்டுத் தரையில பழைய பேப்பர அந்த அளவுக்குப் பரப்பி ரெண்டு நாள் நடந்து பாருங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

அப்படிப்பட்ட கடைக்குள் பூச்சியைக் கொண்டுவந்தது அவரேதான். ஒரு பங்களாக்காரர் பழைய விரிப்பொன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். வருடக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் புரட்டாமல் கிடந்தது. வெளியிலிருந்து வரும் கம்பளியைப் பின்னாலிருக்கும் ஷெட்டில் தனியாக வைப்பதுதான் அவர் வழக்கம். ஷெட் ஒழுகியது. ஒரு ராத்திரிதானே என்று புதுச் சரக்குக்கு மேலேயே போட்டார். அந்த ஒரு ராத்திரி பதினைந்து நாள் ஆகிவிட்டது.

தம்பி ரஷாத் வந்து எட்டிப் பார்த்தான். அவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன்.

"மருந்தடிச்சு விட்ருவோம்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"பிள்ளைங்க உருண்டு வெளையாடுற விரிப்புடா. மருந்து முட்டைக்குள்ள போவாது, பிள்ளைங்க வாய்க்குள்ள போவும்."

"நாளைக்கு சாயங்காலம் அந்தப் புவனா மேடம் வருதே?"

புவனா கோயம்புத்தூரில் ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்பவர். புதிதாகத் திறக்கவிருக்கும் ஒரு ஹோட்டலின் பதினாறு அறைகளுக்கும் விரிப்பு எடுக்க வருகிறார். ஜஹனாரா இவ்வளவு பெரிய ஆர்டரை இதுவரை பார்த்ததில்லை.

"அதுக்குள்ள பழனிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொண்டாந்துருவோம்" என்றார் அவர்.

கொடைக்கானல் வெயில் கண்ணுக்குத்தான். பூச்சியை எதுவும் செய்யாது. அடிவாரத்து வெயிலில், கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் சூடு ஐம்பதைத் தாண்டும். இரண்டு மணி நேரம் அப்படியே நின்றால் பூச்சி, புழு, முட்டை எல்லாம் சாகும். ஜெய்ப்பூர் வியாபாரி ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி அது. வேன் என்றதும் ரஷாத் முகம் சுருங்கியது.

"என் சீட்டுல ஏறிருச்சுன்னா?"

"உன் சீட்டு ரெக்சின்டா. அது ஆட்டு மயிரத்தான் திங்கும். உன் தலைய வேணா பொத்திக்க."

பழனிக்குப் போகும்முன் இன்னொரு வேலை இருந்தது. அதே அடுக்கிலிருந்து இரண்டு விரிப்புகள் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேலிருக்கும் பூண்டி கிராமத்துக்குப் போயிருந்தன. பூண்டு விவசாயி ஞானவேலும் மனைவி ஜெயப்பிரியாவும் வீட்டை ஒட்டி விருந்தினருக்காக இரண்டு அறை கட்டியிருந்தார்கள். முதல் விருந்தாளிகள் புதன்கிழமை வருகிறார்கள்.

"அவங்ககிட்ட சொல்லாத. பூண்டியில எவன் கண்டுபிடிக்கப் போறான்? ஏதாச்சும் ஆனா அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றான் ரஷாத்.

"அவங்க பொட்டி நெறையக் கம்பளி வச்சிருக்காங்கலே. குளிர்காலத்துல எடுத்து உதறுனா சல்லடையா இருக்கும். வண்டிய எடு."

பூண்டி போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. ஜெயப்பிரியா விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"விக்கிறப்ப தெரியாத பூச்சி, இன்னைக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"தெரியலங்க. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"நாளைக்கு ஆளுக வாராங்க பாயம்மா. போட்டோவப் பாத்துத்தான் ரூம் போட்டாங்க. போட்டோவுல இந்த விரிப்புதான் கெடக்கு!"

ஞானவேல் சமாதானத்துக்கு வந்தார். "இம்புட்டுப் பூண்டு காயுது, இந்த வாசத்துக்கே பூச்சி ஓடிராதா?"

"உங்க பூண்டு அதுக்குத் தாளிப்புங்க."

ஞானவேல் சிரித்தார். ஜெயப்பிரியா சிரிக்கவில்லை. ஜஹனாரா கொண்டுவந்திருந்த இரண்டு ஜமக்காளங்களை விரித்துக் காட்டினார். பருத்தி, பூச்சி சீண்டாது.

"கல்யாண வீட்டுல கூட்டத்துக்கு விரிக்கிற மாதிரி இருக்கு."

"இப்போதைக்கு இதப் போடுங்க. இங்க மேகம் எறங்குனா பருத்தி வெரசாக் காயாது. நனைஞ்சா மடிச்சு வைக்காதீங்க, ரெண்டு நாற்காலி முதுகுல விரிச்சு விடுங்க."

"உங்க கடையில பூச்சின்னு நான் நாலு பேருகிட்டச் சொல்லத்தான் செய்வேன்" என்றார் ஜெயப்பிரியா.

"சொல்லுங்க" என்றார் ஜஹனாரா. கம்பளி விரிப்பு இரண்டையும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வேனில் ஏற்றினார்.

மறுநாள் வெள்ளனே புறப்பட்டார்கள். கடையிலிருந்த கம்பளி விரிப்பு அத்தனையும் ஒவ்வொன்றாகச் சுருட்டி, தனித்தனிப் பையில் இறுக்கி, சீட்டுகளுக்கு மேலும் நடுவிலும் அடுக்கியிருந்தார்கள். பழனியில் ஜஹனாராவின் பள்ளித்தோழர் குமரகுருவுக்குப் பஞ்சாமிர்தக் கடை உண்டு. கடைக்குப் பின்னால் அவருடைய காலி மனை, ஒரு மரம் கிடையாது. அங்கே வேனை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினான் ரஷாத். காளான் வளர்ப்பவரிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரின் நீளக் கம்பியை உள்ளே விட்டு, முகப்பை ஜன்னலில் வெளியே தெரியும்படி மாட்டினான்.

குமரகுரு வந்து பார்த்தார். "என்ன ஜஹனாரா, உள்ள யாரையாச்சும் வச்சு அவிக்கிறியா?"

"பூச்சிய."

"நல்லா வெந்ததும் ஒரு டப்பா குடு, பஞ்சாமிர்தத்தோட கலந்து விட்ருவோம்."

எண்கள் ஏறின. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. உச்சி வெயிலில் ஐம்பத்தேழு. ரஷாத் தாகத்துக்குச் சோடா வாங்கி வந்து குடித்தான். மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு ஜஹனாரா திரும்பியபோது ஐம்பத்தாறு காட்டியது.

"ஆச்சுக்கா. ரெண்டு மணி நேரம் தாண்டிருச்சு. கெளம்பினா புவனா மேடத்துக்கு முன்னாடி போயிரலாம். எனக்கும் நாளைக்கு ட்ரிப்பு கெடக்கு."

"கம்பிய எங்கடா வச்ச?"

"மேல. கூரையில."

ஜஹனாரா வேனுக்குள் ஏறினார். அனல் முகத்தில் அறைந்தது. நடுவிலிருந்த ஒரு சுருளின் பையைக் கத்தியால் கீறி, கம்பியை அதன் மையம் வரை நுழைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு முகப்பைப் பார்த்தார்.

ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு. எண் இறங்கிக்கொண்டே வந்து முப்பத்தொன்பதில் நின்றது.

கம்பளி குளிரை மட்டுமா தடுக்கும்? வெயிலையும்தான் தடுத்திருக்கிறது. காலையில் மலையில் சுருட்டிய குளிர் இன்னும் சுருளுக்குள் இருந்தது. முப்பத்தொன்பதில் எதுவும் சாகாது. இளஞ்சூட்டில் முட்டைகள் சீக்கிரம் பொரியும். இப்படியே திருப்பிக் கொண்டுபோனால் பூச்சியை வளர்த்துக் கொண்டுபோவதாக ஆகும்.

"எல்லாத்தையும் பிரி. ஒத்த விரிப்பா சீட்டு முதுகுல விரிக்கணும்."

"ஒத்தையா விரிச்சா பாதிதான்க்கா கொள்ளும்!"

"பாதியப் போடு."

கதவைத் திறந்ததும் சேர்த்து வைத்த சூடு முழுக்க வெளியேறியது. இருவரும் வியர்வையில் நனைந்து, பாதிச் சுருள்களைக் குமரகுருவின் மனையில் இறக்கி, மீதியைப் பையோடு விரித்து முடித்தபோது தெற்கே மலைப் பக்கமிருந்து மேகம் வந்துவிட்டது. முப்பத்தாறிலிருந்து ஏறிய எண் நாற்பத்தைந்தில் நின்றது. ஜஹனாரா மேகத்தைப் பார்க்கவில்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நாற்பத்துநான்காயிற்று.

கைபேசி அடித்தது. புவனா. வேறொரு வேலையை முடித்துச் சுற்றுவழியில் வந்து, வத்தலக்குண்டு தாண்டி மலையேறிக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. ரெண்டு நாள் தள்ளிப் போடு" என்று ரஷாத் வாயசைத்தான்.

ஜஹனாரா பேசினார். "மேடம், சரக்குல பூச்சி பட்டிருக்கு. பழனியில வெயில்ல வச்சிருக்கேன். இன்னைக்கு வேலைக்கு ஆகல. ரெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறமும் உடனே தர மாட்டேன், ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டுத்தான் தருவேன்."

அந்தப் பக்கம் புவனா வண்டியை ஓரங்கட்டச் சொல்வது கேட்டது.

"எங்களுக்கு மே பத்துக்கு ஓப்பனிங் மேடம்."

"தெரியும்ங்க."

"சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று சொல்லிப் புவனா இணைப்பைத் துண்டித்தார்.

ரஷாத் சோடா பாட்டிலைக் காலால் உதைத்தான். "நான் சொன்னதக் கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா பதினாறு ரூமுக்கும் பூச்சி சப்ளை பண்ணியிருப்போம்லே. உன் கூட்டாளி டிரைவர் வேலப்பனுக்குப் போனப் போட்டு உன் ட்ரிப்ப அவன எடுத்துக்கிடச் சொல்லு."

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முதல் பாதி விரிப்புகளுக்கு நடுவே சொருகிய கம்பி பகல் ஒரு மணிக்கு ஐம்பத்துநான்கு காட்டியது. மூன்று மணி வரை இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபாதி. ரஷாத் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டான். ஜஹனாரா வேனுக்கு எதிரே, குமரகுரு கொடுத்த குடைக்குக் கீழே அசையாமல் நின்றிருந்தார். அன்று ஐம்பத்தைந்து.

சனிக்கிழமை மலைக்குத் திரும்பியதும் பையைப் பிரித்து ஒவ்வொரு விரிப்பாக உதறினார்கள். செத்த புழுக்கள் உதிர்ந்தன. நான்கு விரிப்புகளில் சாய்சதுரங்களின் ஓரம் அரித்துப் போயிருந்தது. அவற்றை ஜஹனாரா தனியே வைத்தார். பங்களாக்காரரின் விரிப்பை அவர் கையிலேயே கொடுத்து, கட்டிலுக்கு அடியில் போடாமல் மாதம் ஒருமுறை புரட்டச் சொன்னார். புவனா கோயம்புத்தூரில் இயந்திரத்தில் நெய்த விரிப்புகளை வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

பூண்டியிலிருந்து எடுத்து வந்த இரண்டு உட்பட, கம்பளி விரிப்புகள் இப்போது ஜஹனாரா வீட்டு மாடி அறையில், வெள்ளைத் துணிமேல் பரப்பிக் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை துணியில் ஏதும் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கிறார். மே மாதம் முழுக்க அவர் கடையில் ஜமக்காளம் மட்டும்தான் விற்பனை.