இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

என் ரத்தம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டுக்குக் கீழே போனால் காலில் ரத்தம் திரும்பவும் கட்டலாம். மூன்றைத் தாண்டிப் போனால் பல் தேய்த்தாலே ரத்தம் வரலாம். ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் அந்த எண்ணுக்கு ஐஎன்ஆர் என்று பெயர். அதுவரைக்கும் நான் எந்த எண்ணுக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் தலைமுறையாக மிளகு வியாபாரம் பண்ணிய தமிழ்க் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தூங்கப் போகிற நேரத்தில்கூடப் பால் விடாத கட்டன் சாயா குடிப்பவள். அப்படிப்பட்டவளை ஒரு மழைநாளில் படகுத்துறைப் படி வழுக்கிவிட்டது. கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த கையோடு கெண்டைக்கால் வீங்கியது. நரம்புக்குள் ரத்தம் உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

மகன் இடப்பள்ளியில் இருக்கிறான். படகையும் மெட்ரோவையும் பிடித்தால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைகளைத் துபாய்க்கும் லண்டனுக்கும் அனுப்பிய பக்கத்து வீட்டுப் பெண்கள், "உங்களுக்கென்ன, கூப்பிடு தூரத்துல மகன்" என்பார்கள். கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. மாவுக்கட்டோடு கொஞ்ச நாள் அவன் பிளாட்டில் இருந்தேன். அவனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள், பேத்தி ஸ்கூலுக்குப் போவாள், மேல்மாடியில் நானும் வாஷிங் மெஷினும் இருப்போம். தனியாக இருப்பதென்றால் அதற்கு என் வீடே போதுமே என்று திரும்பி வந்துவிட்டேன். இதில் யார் மேலும் குற்றமில்லை.

இரண்டு மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. முதல் மாத்திரை வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. கீரை ஒரு நாள் கூடினால் அதற்குக் கோபம் வரும். தலைவலிக்கு நானாக ஏதாவது விழுங்கினால் ஆகாது. பல் பிடுங்கப் போனால்கூட அதைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை பாவம், வாயில்லாப் பூச்சி. ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அது இருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அதனாலேயே எனக்கு அதன் மேல் ஒரு ஒட்டுதல் இருந்தது.

புதன்கிழமை ரத்தப் பரிசோதனை. பஜார் ரோட்டில் இருக்கும் லேபுக்கு மெதுவாக நடந்து போவேன். அங்கே ரத்தம் எடுக்கும் பெண் என் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த அம்மச்சியோட நரம்பு எப்பவும் ஒளிஞ்சுதான் இருக்கும்" என்று தட்டித் தட்டித் தேடுவாள். அவசரமில்லை, தேடட்டும் என்று இருப்பேன். அநேகமாக அந்த வாரத்தில் என்னைத் தொட்ட கை அது ஒன்றுதான்.

சாயங்காலம் ரிசல்ட் என் போனுக்கு வரும். ஏழரை மணிக்கு மகன் கூப்பிடுவான்.

"எவ்வளவும்மா?"

"ரெண்டரை."

"சூப்பர். கீரை சாப்பிட்டியா?"

அங்கிருந்து பேச்சு தொடங்கும். கீரையிலிருந்து மீன் விலைக்கு, மீனிலிருந்து பேத்தியின் டான்ஸ் கிளாசுக்கு, அப்படியே அவன் ஆபீஸில் மானேஜர் படுத்தும் பாட்டுக்கு. இவ்வளவு பேச்சு அவனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் அப்பா போனதிலிருந்து எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துகொண்டிருந்தது. அந்த எண் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் வாய் திறந்துவிட்டது.

ஒரு தடவை நாலு என்று வந்தது. நானே அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அன்றைக்கு அவன் போன் பண்ணவில்லை, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து நின்றான். டாக்டரிடம் கேட்டு ஒரு வேளை மாத்திரையை நிறுத்தினான். பேத்தி என் கட்டிலில் குதித்தாள், மருமகள் தோசை வார்த்தாள். எனக்கானால் திருவிழாப் பார்த்த மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு, புறக்கடையில் நிற்கும் முருங்கையைப் பார்த்தேன். கீரையை இரண்டு பிடி கூடப் போட்டுச் சமைத்தால் எண் கீழே இறங்கும், பையன் திரும்ப ஓடி வருவான். நினைக்காமல் இல்லை. ஆனால் இன்னொரு ரத்தக்கட்டு நெஞ்சுக்குப் போனால் ஓடி வருபவன் எதற்கு வருவான் என்பதும் தெரியும். பறிக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி அந்த மாத்திரை வேண்டா அம்மே. நிறுத்தலாம்" என்றார். மாவுக்கட்டால் வந்தது, கட்டும் போயாச்சு, காரணமும் போயாச்சு என்று விளக்கினார். "கொலஸ்ட்ரால் குளிகையை மட்டும் விடக் கூடாது, கேட்டோ. அது ஹார்ட்டுக்கு. அதைச் சாப்பிடுறவங்களுக்கு நரம்புல திரும்பக் கட்டுறது கொஞ்சம் குறைவுன்னும் சிலர் சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. கிடைச்சா லாபம்."

"அப்போ புதன்கிழமை ரத்தம் பாக்க வேண்டாமா?"

"வேண்டா. கொலஸ்ட்ராலுக்கு வருஷத்துல ஒரு தடவை பார்த்தா மதி, அது போதும்." கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினார்.

வருஷத்தில் ஒரு தடவை. நல்ல செய்திதான். கூட வந்தவர்கள் யாராவது இருந்திருந்தால் கையைப் பிடித்துச் சிரித்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "அப்பாடா, ரட்சப்பட்டோம்மா" என்றான். அவன் சந்தோஷத்தில் பொய்யில்லை. "புதன்கிழமை ஏழரைக்கு உன்னைக் கூப்பிடணும்னு போன்ல அலாரம் வெச்சிருந்தேன். இனி அதை எடுத்துடலாம்."

அலாரம் வைத்துத்தான் கூப்பிட்டான் என்பது எனக்குத் தெரியாது. வைத்தானே, அதுவே பெரிது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மனசு தேறவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் பழக்கத்தில் செருப்பை மாட்டிவிட்டு, வாசலோடு நின்று, திரும்பக் கழற்றினேன். சாயங்காலம் இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். ஒரே அளவில், அழகாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. ஏழரை ஆனது. போன் அடிக்கவில்லை. எட்டு மணிக்கு நானே கூப்பிட்டேன்.

பின்னால் வண்டிச் சத்தம். எடுத்த உடனே கேட்டான்: "எவ்வளவும்மா?"

"ரெண்டரை" என்றேன்.

"சூப்பர்" என்றவன் சட்டென்று நிறுத்தினான். "அம்மா, டெஸ்ட்டெல்லாம் நிறுத்தியாச்சில்லே? பின்னே எங்கேருந்து ரெண்டரை?"

"நீ கேட்டே, சொன்னேன்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"என்கிட்டே கேக்கறதுக்கு உனக்கு வேற ஒண்ணும் இல்லையேடா" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் தள்ளிப் போனது, எங்கோ ஓரமாக ஒதுங்கினான் போல. பிறகு, வேறு ஏதோ குரலில், "ராத்திரிக்கு என்னம்மா பண்ணியிருக்கே?" என்றான்.

"முருங்கைக்கீரை."

"ஒருபாடு அள்ளிப் போட்டுச் சாப்பிடாதே, கேட்டியா."

இனி எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. அது அவனுக்கும் தெரியும்.

"சரிடா, சாப்பிடலை" என்றேன்.