செருமல்

கட்டை வெடிப்பதற்கு முன்னால் செருமும் என்பான் அவன். வந்த ஆள் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக் காட்டுவதுபோல. அந்த நொடியில் உளியை எடுத்துவிட்டால் கட்டை பிழைக்கும். இல்லாவிட்டால் சிராய் முகத்தில் பறக்கும்.

இருபத்தாறு வருடமாக மரப்பேனா கடைகிறான். அதிலும் யாரும் தொடாத மரங்கள். வேர்முடிச்சு, பாதி உளுத்தது, நார் நாலா பக்கமும் ஓடுவது. கோணக்கட்டை என்பார்கள். அவனைப் பாம்புக்காது என்பார்கள்.

அந்தக் காது போன மழைக்காலத்தோடு போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. அவன் உப்புத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று இரண்டு முறை கூப்பிட்டாள். திரும்பவில்லை. சோதித்துப் பார்க்க, "உங்க வம்சமே திருட்டு வம்சம்" என்றாள். அதற்கும் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பதில் சொல்லாமல் விட்ட முதல் பேச்சு அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நரம்பு பட்டுப்போச்சு" என்றார் காது மருத்துவர்.

"பட்ட மரம் துளிர்க்காதுங்களா?" என்று அவள் கேட்டாள். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

கருவி மாட்டிப் பார்த்தான். மோட்டார் இரைச்சல் மட்டும் ரயில் மாதிரி வந்தது. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டான். மனிதர்களை உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். கட்டைக்கு உதடு இல்லை.

பேனாக்கடைக்காரர் மூன்று துண்டு கொடுத்திருந்தார். யாரோ ஒருவர் வீட்டு முன்னால் சாய்ந்த மரத்தின் வேர்முடிச்சு. அதில் ஒரு பேனா வேண்டுமாம். முதல் துண்டு உருண்டையாவதற்குள் பிளந்தது. இரண்டாவது, நுனி மெலியும்போது தெறித்தது. பேனாவுக்காக உள்ளே ஒட்டியிருந்த பித்தளைக் குழாய் மட்டும் எலும்புபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் வந்து உடைசலைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவருக்குப் பின்னால் நின்று அவள் ஒவ்வொரு சொல்லையும் சத்தமில்லாமல் உதட்டில் திருப்பிச் சொன்னாள்.

"பாம்புக்காதுன்னு சொல்லித்தானேண்ணே கட்டைய வாங்கியாந்தேன்."

"உளுத்த கட்டை தம்பி."

"உளுக்காத கட்டைக்கு உங்ககிட்ட ஏன் வரேன்? மூணாவதும் போச்சுன்னா கோணக்கட்டைய மறந்துடுங்க. நேர்க்கட்டைய மெஷினே கடைஞ்சு தள்ளுது. அதுக்கு ஆளே வேணாம்."

"போகாது" என்றான், கொஞ்சம் தாமதமாக.

அவர் போனதும் அடுப்படி முக்காலியை எடுத்துவந்து கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டான்.

"இனிமே நீதான் காது. அது செருமினா என் தோளைத் தொடு."

பழக்குவதற்காகக் கழிவுத் துண்டுகளை மாட்டி வேண்டுமென்றே வெடிக்கவைத்தான்.

"கேட்டுச்சா?"

அவன் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள். "உஸ்ஸுன்னு வந்துச்சு."

"அது உளி மழுங்கினது."

அடுத்த துண்டு. "கீச்சுன்னு."

"அது உளியத் தாங்குற இரும்பு."

அடுத்தது. "தடக்கு தடக்குன்னு."

"அது பெல்ட்டு. உனக்குக் கட்டையத் தவிர எல்லாம் கேக்குது."

"நாலு நாள்ல பாம்பாக முடியுமா? அது எப்படித்தான் இருக்கும், செஞ்சு காட்டுங்க."

தொண்டைக்குள் ஒரு சத்தம் செய்தான்.

"ஏப்பம் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். மறுபடி செய்தான். இப்போது வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது முறை இன்னொரு மாதிரி. அவள் சிரிப்பதை நிறுத்தியதைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

"ஞாபகத்துல இருக்குன்னு நெனச்சேன்" என்றான்.

மறுநாள் காலை மூன்றாவது துண்டை மாட்டினான். உளி பட்டதும் கறுப்பும் சிவப்புமாகத் தூள் பறந்தது. அவள் முக்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தொட்டாள். அவன் மோட்டாரை நிறுத்தி, விரலால் தடவி, வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றுமில்லை. ஓட்டினான். மறுபடி தொட்டாள். ஒன்றுமில்லை. நான்காவது முறை, "கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று கத்தினான். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

நுனி தாள்கனத்துக்கு வந்தபோது ஐந்தாவது முறை தொட்டாள். நிறுத்திப் பார்த்தான். முடிச்சின் சுழியிலிருந்து முடி அளவுக்கு ஒரு கீறல் கிளம்பியிருந்தது. இன்னொரு சுற்று தாங்கியிருக்காது. அதில் பசையைச் சொட்டவிட்டான். பசை கீறலுக்குள் இறங்கி மறைந்தது. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் ஆறு முறை தொட்டாள். ஆறு முறையும் உடனே நிறுத்தினான். உப்புத்தாளில் முரட்டுத்தாளிலிருந்து மெல்லிய தாள் வரை இழைத்து, மெழுகு தேய்த்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. கீறல் இருந்த இடம் மரத்தின் ரேகைகளில் ஒன்றாகிவிட்டது.

கடைக்காரர் பேனாவை உருட்டி உருட்டிப் பார்த்தார். இந்த முறை முகத்தைப் பார்த்தே பேசினார்.

"பாம்புக்காது பாம்புக்காதுதான்."

வண்டியிலிருந்து சாக்கை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தார். பன்னிரண்டு துண்டுகள். ஒன்றில்கூட நேரான நார் இல்லை.

அவர் போனபின் அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தான். பழைய பழக்கம். அவள் அவன் முதுகுக்குப் பின்னால், உதடு தெரியாத இடத்தில், வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க" என்றாள். "ஒரு தடவைகூடக் கேக்கல. பயம் வந்தப்பல்லாம் தொட்டேன்."

அவன் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தான். இருப்பதிலேயே மோசமானது. குறுக்கே பட்டை ஏறி, நடுவில் பொத்தல். அதை இயந்திரத்தில் பொருத்தி இறுக்கினான்.

திரும்பாமலேயே இடது கையால் முக்காலியைத் தட்டினான்.

"உக்காரு" என்றான்.