இரண்டாம் மொழிப் பட்டியலில் அகோஃபா இல்லை

லோமே பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆங்கில விவாதக் குழுவில் அகோஃபாவிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை. வீட்டில் எவே மொழி, பள்ளியில் பிரெஞ்சு என்று வளர்ந்த எங்களுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். அவளுக்கு மட்டும் அது கைவந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கானா வானொலி லோமேயிலும் தெளிவாகக் கேட்கும். நாங்கள் பாட்டுக்காக வைப்போம். அவளோ அம்மாவுடன் உட்கார்ந்து கொலிகோ வறுவலுக்குக் கிழங்கு சீவியபடியே, செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து தானும் வாசிப்பாள்.

சனிக்கிழமைகளில் புதியவர்களைப் பேசப் பழக்குவது அவள் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. எங்களுக்கு அடுத்து வந்து சேர்ந்த செலோமுக்கு வாயைத் திறந்தாலே வியர்த்துக் கொட்டும்.

"பெரிய வார்த்தையைத் தேடிக்கிட்டு எங்கடா போற? நீ திரும்பி வர்றதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க. சின்னச் சின்னதா மூணு வாக்கியம் சொல்லு, போதும்."

"எவேல யோசிச்சா நல்லாத்தான் வருதுக்கா."

"எவேலயே யோசி, யாரு வேணாம்னா? ஆனா ஏன், எதுக்குன்னு காரணத்தைச் சொல்லு. நீ கருத்தை மட்டும் அடிச்சு விட்டுட்டு ஓடிடற."

அந்த வருடப் போட்டி அக்ராவில் நடந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களும் மற்றவர்களும் ஒரே அறைகளில்தான் வாதிடுவார்கள். ஆனால் இரண்டாம் மொழிக்காரர்களுக்கென்று தனித் தரவரிசை உண்டு. அதில் முதலில் வருபவருக்கு அக்ராவிலேயே மேற்படிப்பு, செலவு முழுக்கப் போட்டி நடத்துபவர்களுடையது. அகோஃபாவுக்கு அது கடைசி வருடம். படிப்பைத் தொடர அவளுக்கு வேறு வழியும் இல்லை. பரிசு அவளுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம், செலோம் உட்பட.

அந்தத் தரவரிசைக்கான பட்டியலில் பெயர் வர, ஆங்கிலம் நிஜமாகவே இரண்டாம் மொழிதானா என்று பார்க்கும் நேர்காணலுக்கு முதலில் போக வேண்டும். அங்கே மட்டும் கொஞ்சம் தடுமாற வேண்டும் என்பது போட்டிக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"உள்ள போய்க் கொஞ்சம் திக்கிப் பேசுடி. அஞ்சு நிமிஷம்தான்," என்றேன்.

"திக்காம பேசத்தானேடி இத்தனை வருஷம் உயிரை விட்டேன்?"

"அது மேடைக்கு. இது பிழைப்புக்கு."

"நான் சொல்லப்போறது உண்மை. உண்மையைச் சொல்ல எதுக்கு நடிக்கணும்?"

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கானாவுல எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டாங்க. ரேடியோவுல கத்துக்கிட்டேன்னேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க."

பட்டியலில் என் பெயர் இருந்தது, செலோம் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

பிறகென்ன, ஆங்கிலத்திலேயே தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களோடு சேர்த்து அவளை நிறுத்துப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்காமல்தான் வாதாடினாள். கடைசித் தகுதிச் சுற்று முடிந்ததும் நடுவர் அவளையும் என்னையும் கூப்பிட்டார், நல்ல மனிதர்.

"கருத்தெல்லாம் பிரமாதம்மா. மொழிதான் அங்கங்க இடறுது. பின்தொடர்றது கொஞ்சம் சிரமமா இருந்துச்சு."

அகோஃபா தலையை ஆட்டி நன்றி சொன்னாள். எனக்கு அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. காலையில் அதிகம் என்று தள்ளிய அதே ஆங்கிலம், சாயங்காலம் போதவில்லையாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இறுதிச் சுற்றுக்கு அவள் தேறவில்லை. இரண்டாம் மொழித் தரவரிசையில் முதலாவதாக வந்தவன் செலோம். சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் காரணம், அப்படியே அவள் பாடம். பரிசளிப்புக்குச் சற்று முன்னால் ஒரு தாளோடு ஓடிவந்தான்.

"அக்கா, மேடையில ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணுமாம். எழுதிக் குடுங்கக்கா."

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அகோஃபா தாளை மடியில் வைத்து எழுதிக் கொடுத்தாள். அவனுக்கு வாயில் நுழையாத சொற்களை அடித்துவிட்டு வேறு போட்டாள்.

செலோம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. கடவுளுக்கு, அம்மாவுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, நடுவர்களுக்கு, கூட வந்த நண்பர்களுக்கு என்று வாசித்து முடித்தான். அரங்கமே கைதட்டியது, அவளும் தட்டினாள்.

"உன் பேரு எங்கடி?" என்றேன்.

"என் பேரை நானே எப்படிடி எழுதறது? கடைசியில ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தேன்," என்றாள். "அவனாச் சேத்துப்பான்னு நினைச்சேன்."