ஏழாம் அத்தியாயம்: பொழியூர்க் கிணறுகள்

பாறசாலை ஞானையன் பள்ளிக்கூட எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, பேனாவை விட்டபாடில்லை. கிணறு, குளம், வாய்க்கால் பற்றிப் பலர் எழுதிய கட்டுரைகளை நாகர்கோவில் பேராசிரியர் ஒருவர் புத்தகமாக்க முனைந்தார். அவற்றை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தலைப்பு, பட எண், அளவு எல்லாவற்றையும் சீராக்கிப் புதுப்படி எழுதி அனுப்புவார். பழைய தாள்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவை மனைவி சுகிர்தபாயின் அடுப்புக்குப் போகும். எழுத்தறியாத அவளுக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான்.

ஏழாம் அத்தியாயம் மகன் ராபின்சன் எழுதியது. கிணறு வெட்டும் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்தவன். பொழியூர்க் கிணறுகள் உப்பாவதைப் பற்றி எழுதும்போது, 'ஒரு வீட்டில் வாங்கிக் குடித்தேன், மீன்குழம்பு தோற்றுப்போகும்' என்று எழுதிவைத்தான். பெரிய மனிதர் ஞானையன் விடுவாரா? அடித்துவிட்டு, 'நீரில் உப்பு மிகுந்துள்ளது' என்று போட்டார்.

"அப்பா, அது நான் குடிச்சுப் பாத்த தண்ணியாக்கும். வெட்டாதீங்க."

"எலே, எல்லா அத்தியாயமும் ஒரே ஆள் எழுதினது போல இருக்கணும்."

"அப்பம் எனக்கதுன்னு என்ன மிச்சம்?"

"தலைப்புக்குக் கீழ உனக்க பேரு உண்டுல்லா."

ராபின்சன் சிரித்துவிட்டான்.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் நடந்தது. "அம்மா, வாறேன்" என்று சொல்லிக் கிளம்பினான். ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. மகனைக் கட்டிலில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். பெற்ற வயிறு எரிந்ததை எழுத எந்த எழுத்தும் போதாது.

அடக்கம் முடிந்த சில நாளில் சுகிர்தபாய் கேட்டாள்: "பிள்ளை எழுதினத வாசியுங்க. அவன் பேசுயது போல இருக்கும்."

ஞானையன் இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த தன் படியை எடுத்து வாசித்தார். 'நீரில் உப்பு மிகுந்துள்ளது' என்ற இடத்தில் அவள் கையமர்த்தினாள்.

"இது நீங்க பேசுயதாக்கும். எனக்க பிள்ளை பேசுயது எங்க?"

வெட்டிய வரி ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னார். சுகிர்தபாய் சிரித்தாள், உடனே உடைந்து அழுதாள்.

"இது அவனேதான். மீதியும் வாசியுங்க."

"அந்தத் தாளு புரொபசர் கையில இருக்கு. புஸ்தகம் வந்த பொறவு தருவாரு."

அவள் நம்பினாள். தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடுவாள். ஒரு காலையில் அந்தத் தாள்களைச் சுருட்டிக் கஞ்சிக்குத் தீ மூட்டியது அவள் கைதான் என்பதை ஞானையன் சாகும்வரை அவளிடம் சொல்லவில்லை.