அறைக் கண்காணிப்பாளரின் கட்டம்

இருபத்திரண்டு வருடங்களாக நான் பரீட்சை வைப்பவள். எழுதுபவள் அல்ல. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே போதும், நாற்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட என்னிடம் வந்து, வேலையில் இருப்பவர்களும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றால் எப்படி இருக்கும்?

முதலில் கோபம் வந்தது. ஒரு வாரம் அதைத் தோசைக்கல்லிடம் காட்டினேன். பிறகு பயம் வந்தது. வேலை போய்விட்டால் காலை எட்டு மணிக்குப் புடவை கட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. மறுநாளே தலையணை தடிமனில் ஒரு கைடு வாங்கினேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் சாயங்காலம் கேள்வி கேட்டாள். கணக்கு, தமிழ் எல்லாம் ஓடிவிட்டன. குழந்தை உளவியலில்தான் மாட்டிக்கொண்டேன்.

"ஒரு மாணவன் பக்கத்துல இருக்கவனக் கிள்ளிக்கிட்டே இருக்கான். ஆசிரியர் என்ன செய்யணும்? அ, வெளியே நிறுத்தணும். ஆ, பெற்றோரை வரச் சொல்லணும். இ, கண்டுக்கக் கூடாது. ஈ, அவனோட கவனத்தை ஆர்வமான செயலுக்குத் திருப்பணும்."

"அ, ஆ ரெண்டும்" என்றேன்.

"ஒண்ணுதாம்மா போட முடியும்."

"அப்ப கேள்வியே தப்பு. அவன் கிள்ளுறத நிறுத்த ஒண்ணு பத்தாது."

பத்து நாள் பார்த்துவிட்டு அவள் கைடை மூடி வைத்தாள். "அம்மா, நீ நெசமா என்ன செய்வியோ அத மட்டும் போடாத. மிச்சத்துல ரொம்ப நல்லவங்க செய்யிறது எதுன்னு பாத்துப் போடு."

அன்றிலிருந்து உளவியலில் என் மார்க் ஏறியது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மார்க் மார்க்குதான்.

தேர்வு மையம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மற்றவர்களின் கணவன்மார்கள் நல்லா எழுது என்று சொல்லி அனுப்பினார்கள். இவர் சொன்னது, "உள்ள போயி யாரையும் அதட்டிராத."

அரை மணி நேரம் சமாளித்தேன். வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே பின்பெஞ்சில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி, "என்ன அங்க பேச்சு?" என்றேன். என்னைவிட மூத்த, முக்கால்வாசித் தலை நரைத்த சார் ஒருவர், "சாரி டீச்சர்" என்று எழுந்து நின்றார். அறைக் கண்காணிப்பாளராக வந்திருந்த சின்னப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்து விடைத்தாள் வந்தது. வட்டங்களை நிரப்பும் தாள். அடியில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் தேர்வர் கையொப்பம், வலது பக்கம் அறைக் கண்காணிப்பாளர் கையொப்பம். எத்தனை வருடம், எத்தனை அறைகளில், எத்தனை ஆயிரம் தாள்களில் வலது கட்டத்தில் போட்ட கை இது! என்னைக் கேட்கவே இல்லை. நேராகப் போய் வலது கட்டத்தில் கையெழுத்தைப் போட்டு, கீழே தேதியும் போட்டு, ஒரு கோடும் இழுத்துவிட்டது.

அழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, வேறு தாள் கிடையாது என்று அந்தப் பெண் அப்போதுதான் சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வருட வேலை ஒரு கையெழுத்தில் போகப் போகிறது என்று நினைத்தேன். தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். என் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் அப்படித்தான் மறைப்பார்கள்.

அதற்குள் முன்வரிசையில் வேறு யாரிடமோ அவள் கேட்பது காதில் விழுந்தது. "என்ன டீச்சர், நான் போட வேண்டிய எடத்துல நீங்க போட்டு வச்சிருக்கீங்க?"

முதன்மைக் கண்காணிப்பாளர் வேகமாக வந்தார். "இன்னும் யாராரு இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீங்க? கையத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும். சாக்பீஸ் டப்பாவை யார் உடைத்தது என்று கேட்கும்போதெல்லாம் என் வகுப்பில் வரும் அமைதி. அதைத் திமிர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். திமிர் எல்லாம் இல்லை. கை எழும்ப மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் நான்தான் முதலில் தூக்கினேன். பின்னாலேயே ஒவ்வொரு கையாக எழுந்தது. இருபது பேர் அறையில் ஒன்பது பேர். நரைத்த சாரும் உண்டு.

முதன்மைக் கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே இப்பிடின்னா பிள்ளைக என்னத்தச் செய்யும்? ஆளுக்கொரு விளக்கக் கடிதம் எழுதுங்க."

எழுதினோம். 'இனிமேல் இதுபோல் நடக்காது என்று உறுதி கூறுகிறேன்' என்று முடித்தேன். பிள்ளைகளை நான் எழுதச் சொல்லும் அதே வரி. இடது கட்டத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டேன். வலது கட்டத்தில் மிச்சமிருந்த இடுக்கில் அந்தப் பெண் தன்னுடையதை நெருக்கிப் போட்டாள்.

"இத ஏத்துக்குவாங்களாம்மா?"

"தெரியல டீச்சர். நீங்க எழுதுங்க."

அதன்பிறகு இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிசல்ட் வந்த சாயங்காலம் கைபேசியைப் பார்க்கவே தைரியம் இல்லாமல் அடுப்படியில் நின்றேன். மகள்தான் பார்த்தாள். "பாஸும்மா!"

அழுதுவிட்டேன். சத்தமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அந்தச் சமயம் பார்த்து மகள் ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

"அய்யோ அம்மா! அது மிஸ் கட்டம்!"

அது அவளுடைய ரேங்க் கார்டு. பெற்றோர் கட்டம் காலியாக இருந்தது. வகுப்பாசிரியர் கட்டத்தில் என் கையெழுத்து, தேதி, கோடு எல்லாம் இருந்தது. அதற்கப்புறம்தான் மார்க்கைப் பார்த்தேன். கணக்கில் முப்பத்தாறு. வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை. உட்கார்ந்து என் வாழ்க்கையின் இரண்டாவது விளக்கக் கடிதத்தை எழுதினேன். தகுதித் தேர்விலும் இப்படித்தான் செய்தேன், மன்னிக்கவும் என்று அவளுடைய வகுப்பாசிரியைக்கு.

மறுநாள் அதே தாளில் சிவப்பு மையில் பதில் வந்தது. "பரவாயில்லை மேடம். நானும் அங்கே அந்தக் கட்டத்தில்தான் போட்டேன். கையெழுத்து பிழைத்துக்கொண்டது. மார்க்தான் பத்தவில்லை. இன்னொரு முறை எழுத வேண்டும். உளவியலுக்கு எப்படிப் படித்தீர்கள்?"

அதை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு கைடை எடுத்து, தூசி தட்டி, மகளிடம் கொடுத்தனுப்பினேன். உளவியலில் என்னைத் தேற வைத்தது யார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டே, "இன்னைலேர்ந்து சாயங்காலம் லேட்டாத்தான் வாரேன்மா. மிஸ்ஸுக்கு நான்தான் கேள்வி கேக்கணுமாம்" என்றாள்.

கணக்கில் முப்பத்தாறு எடுத்தவள்.